திறந்த மூலமும் வீட்டுக் கணினியும்

கணினியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் விலையையும் வேகத்தையும் பற்றியே பேசுகின்றனர். அதனுள் நின்று அதனை இயக்குவது யாது, அது யாருடையது, எந்த உரிமையால் நாம் அதனைக் கையாளுகின்றோம் என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலர். யானும் அண்மைக்காலம் வரையில் அவ்வினாக்களை எழுப்பாதவனாகவே இருந்தேன். எமது வீட்டுக் கணினிக்கு நேர்ந்த ஒரு நெருக்கடி என்னை அவற்றின் முன் கொண்டுசென்று நிறுத்தியது. அந்நெருக்கடியையும், அதிலிருந்து மீளும்பொருட்டு யான் செய்த சோதனையையும், அச்சோதனைக்குப் பின்னால் உள்ள வரலாற்றையும் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். யான் கணினி விஞ்ஞானம் பயின்றவன் அல்லேன். தமிழும் வரலாறுங் கற்பிப்பவன். வெளிவாரியாகப் பட்டம் பெற்றவனாதலின், ஆசிரியரை எதிர்பாராது நூலைத் தானே புரட்டிக் கற்கும் பழக்கம் மாத்திரம் உண்டு. துறைபோயோர் இதன்கட் காணுங் குறைகளைப் பொறுப்பாராக.

அக்கணினி 2016 ஆம் ஆண்டிற் பிறர் பயன்படுத்திய நிலையில் வாங்கப்பட்டது. இன்ரெல் நிறுவனத்தாரின் நான்காந் தலைமுறை ஐ3 செயலியும், 4 கிகாபைற் நினைவகமும், 500 கிகாபைற் வன்தட்டும் உடையது. அதில் இடப்பட்டிருந்தது விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமை. 2015 யூலையில் வெளிவந்த அம்முறைமையின் பராமரிப்பு 2025 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14 ஆந் திகதியுடன் முடிவடையும் என அதனை ஆக்கிய மைக்ரோசொவ்ற் நிறுவனத்தார் முன்னரே அறிவித்திருந்தனர். பராமரிப்பு முடிவடைதல் என்பது கணினி அன்றே நின்றுபோதல் அன்று. முறைமையில் நாடோறுங் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்குந் திருத்தங்கள் அதன்பின் வாரா என்பதே அதன் பொருள். ஓராண்டு நீடிப்புப் பெறுதற்கும் வழி வைக்கப்பட்டது. எனினும் அது முடிவைத் தள்ளிப்போடுவதேயன்றி நீக்குவதன்று. 2021 இல் வெளிவந்த விண்டோஸ் 11 ஐ நாடலாமெனின், அது ரி.பி.எம். எனப்படும் பாதுகாப்புச் சில்லின் இரண்டாம் பதிப்பையும், இன்ரெல் செயலியாயின் எட்டாந் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ வேண்டி நிற்கின்றது. எமது கணினி நான்கு தலைமுறை பிந்தியது. பத்தாண்டு ஒரு பொருளைப் பேணிய நிறுவனத்தைக் குறைகூறுதல் முறையன்று. ஆயினும், 2022 ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின் புதுக் கணினியின் விலை ஆசிரியர் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்துள் அடங்குவதாக இல்லை.

இதனோடு இன்னொரு செய்தியும் உண்டு. அதனைக் கூறாது விடுதல் நேர்மையன்று. அக்கணினியில் இருந்த விண்டோஸ் உரிமம் பெற்றதன்று. கணினியை விற்றவர் எங்கிருந்தோ பெற்ற ஒரு பிரதியை அதில் இட்டுத் தந்தார். யானும் வினாவாது வாங்கி வந்தேன். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நூல்களோடும் துண்டுப் பிரசுரங்களோடும் ஒருங்கே கணினிச் செய்நிரல்களையும் பாதுகாக்கப்படும் ஆக்கங்களாக வைத்து எண்ணுகின்றது. ஒரு நாள் மாணவன் ஒருவன் பிறர் எழுதிய கட்டுரையைப் பெயர் மாற்றிக் கையளித்தான். அவனைக் கண்டித்தேன், அதுபற்றிக் குறிப்பொன்றை அன்று மாலை வீட்டிலிருந்து தட்டெழுதினேன். பாதி எழுதியபோதே, எவ்வகைப் பொறியில் எதன்மீது இதனை எழுதுகின்றேன் என்பது நினைவில் உறுத்தியது. அக்குறிப்பைக் கையாலெழுதிக் கொடுத்தேன். கையாலெழுதுவதால் உறுத்தல் நீங்கிவிடுமா என்பது வேறு.

இனி, பணிசெயல் முறைமை என்பது யாதெனச் சிறிது கூறுவாம். கணினியின் செயலி கூட்டலும் ஒப்பிடலும் இடம்மாற்றலுமாகிய சில எளிய செயல்களை மிக விரைவிற் செய்யவல்லது, அவ்வளவே. விசைப்பலகையில் ஓர் எழுத்தை அழுத்தினால் அது திரையில் தோன்றவும், கோப்பொன்று வன்தட்டின் எப்பகுதியில் இருக்கின்றதென அறியவும், ஒரே வேளையிற் பாட்டுக் கேட்பவனுக்கும் கட்டுரை எழுதுபவனுக்கும் செயலியின் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கவும் இடையே ஒரு நிருவாகம் வேண்டும். அந்நிருவாகமே பணிசெயல் முறைமை. அதன் நடுவே, வன்பொருளோடு நேரே உறவாடும் பகுதியைக் கரு என்பர். அதனைச் சூழ்ந்து, கோப்புக்களைப் பார்ப்பதும் சாளரங்களை வரைவதுமாகிய பல நூறு கருவிகள் அமையும்.

மூலம் என்பது பிறிதொன்று. செய்நிரலை மனிதர் எழுதுவது மனிதர் வாசித்தற்குரிய ஒரு மொழியிலாகும். அதனைத் தொகுப்பான் என்னும் இன்னொரு செய்நிரல், செயலி மாத்திரம் உணரும் எண்கோவையாக மாற்றும். நாம் கடையில் வாங்குவது அவ்வெண்கோவையையே. எழுதியவர் கைப்பட்ட மூலம் எமக்குக் கிடைப்பதில்லை. நமது பஞ்சாங்கத்தை இங்கு நினைவுகூரலாம். திதி இத்தனை நாழிகை, நட்சத்திரம் இத்தனை நாழிகை என அதில் முடிபுகள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றைக் கணித்தெடுத்த முறை அச்சிடப்படுவதில்லை. ஓரிடத்தில் நாழிகை பிழைத்திருப்பின் பஞ்சாங்கம் மாத்திரம் வைத்திருப்பவன் யாது செய்வான்? பிழையென ஐயுறலாம், திருத்தவியலாது. கணித முறையும் கைவரப் பெற்றவனோ பிழையைக் கண்டு திருத்துவான்; வேண்டின் தன் ஊர்க்கேற்பப் புதிதாகக் கணித்தும் கொள்வான். மூலத்தையும் உடன்கொடுத்து, வாசிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையளிக்கும் மென்பொருளே திறந்த மூல மென்பொருள் எனப்படுவது.

இவ்வுரிமை தானாக வந்ததன்று; அதற்கெனப் போராடியவர் உளர். அமெரிக்க நாட்டு மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் ஆய்வுகூடமொன்றிற் பணியாற்றிய றிச்சட் ஸ்ரோல்மன் என்பார் 1980 ஆம் ஆண்டளவில் ஓர் அச்சுப்பொறியால் அல்லலுற்றார். முன்னிருந்த அச்சுப்பொறியிற் காகிதம் சிக்குமிடத்துப் பயன்படுத்துவோர்க்கு அறிவிக்கும்படி அதன் செய்நிரலை அவர் திருத்தி வைத்திருந்தார். பின்னர் நன்கொடையாக வந்த புதுப் பொறியிலும் காகிதம் சிக்கிற்று. ஆனால் அதன் மூலம் கூடவே வரவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அம்மூலத்தை வைத்திருந்த ஒருவரை அவர் நேரிற் சென்று கேட்டபோது, யார்க்கும் காட்டுவதில்லையெனத் தாம் ஒப்பந்தமிட்டிருப்பதாக அவர் மறுத்துவிட்டார். சிக்கிய காகிதம் சிறிய காரியம். தெரிந்தவர் தெரியாதவர்க்குச் சொல்லிக்கொடுக்க முடியாத நிலை சிறிய காரியமன்று என ஸ்ரோல்மன் கருதினார். 1983 செப்ரெம்பர் 27 ஆந் திகதி, யாவருக்கும் உரிமையுள்ள ஒரு முழுப் பணிசெயல் முறைமையை ஆக்கப்போவதாக அறிவித்தார். அதற்குக் குனூ என்று பெயரிட்டார். பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் 1969 முதலாக ஆக்கிய யூனிக்ஸ் என்பதைப் போல்வது, ஆயின் அதன் மூலத்தில் ஒரு வரியும் எடுத்தாளாதது என்பது அப்பெயரின் கருத்து.

ஸ்ரோல்மன் ஆக்கிய செய்நிரல்களினும் அவர் 1989 இல் வகுத்த பொது உரிமமே எனக்கு வியப்பளிப்பது. எழுதியவனுக்குச் சட்டம் அளிக்கும் பதிப்புரிமையை அவர் கைவிடவில்லை. கைவிட்டால் வருபவன் அதனை எடுத்துச் சிறிது மாற்றித் தன் பெட்டியிற் பூட்டிவிடுவான். ஆதலாற் பதிப்புரிமையைத் தம்பாலே வைத்துக்கொண்டு, 'யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பிறர்க்குக் கொடுக்குமிடத்து இதே உரிமைகளையும் மூலத்தையும் சேர்த்தே கொடுத்தல் வேண்டும்' என நிபந்தனை விதித்தார். எம்மவர் மடத்துக்கும் கேணிக்கும் தருமசாதன உறுதி எழுதிவைத்த முறை இதுவேயாம். வழிப்போக்கர் யாரும் தண்ணீர் மொள்ளலாம். எவரும் கேணியைச் சுற்றி வேலி அடைத்தலாகாது.

குனூவுக்குரிய கருவிகள் ஒவ்வொன்றாக ஆக்கப்பட்டு வந்தன. கரு மாத்திரம் அமையவில்லை. அது எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ், தமது 21 ஆம் வயதில், 1991 ஓகஸ்ற் 25 ஆந் திகதி, தாம் பொழுதுபோக்காக ஒரு பணிசெயல் முறைமை எழுதி வருவதாகவும் அது பெரிதாக வளரப்போவதில்லையென்றும் கணினி ஆர்வலர் குழுவொன்றுக்கு எழுதினார். அவரது கணிப்புப் பிழைத்தது. 1992 இல் அவர் அக்கருவை ஸ்ரோல்மனின் உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தபின், குனூவின் கருவிகளும் லினக்ஸ் என்னுங் கருவும் ஒன்றுசேர்ந்து ஒரு முழு முறைமையாயின. (இதனை லினக்ஸ் என்பதா, குனூ லினக்ஸ் என்பதா என்னும் வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. யான் சுருக்கங் கருதி லினக்ஸ் என்கின்றேன்.) திறந்த மூலம் என்னுஞ் சொல் 1998 இலேயே வழங்கத் தொடங்கிற்று. இன்று மாணாக்கர் சட்டைப்பையிலுள்ள அன்ட்ரொயிட் கைப்பேசியுள் நின்று இயங்குவது லினக்ஸ் கருவே. உலகில் விரைவிற் சிறந்த 500 மீக்கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இடம்பெற்றவை யாவும் லினக்ஸ் கொண்டே இயங்குவன.

பல்லாயிரவர் பல நாடுகளிலிருந்து ஒரே மூலத்தைத் திருத்தினால் அது குழம்பிவிடாதா என்னும் வினா தமிழாசிரியனுக்கு இயல்பாகவே எழும். ஏடு பெயர்த்தெழுதுவோர் கைப்பட்டு நமது நூல்கள் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, சிதைந்த ஏடுகளை ஒப்புநோக்கி உண்மைப் பாடம் தெரிதலே அவருக்குப் பெருஞ்சுமையாயிற்று. எந்தத் திருத்தத்தை யார், எக்காலத்தில், எதன்பொருட்டுச் செய்தார் என ஏடு சொல்லாது. லினக்ஸ் ஆக்குவோர்க்கு இத்தொல்லை இல்லை. 2005 இல் தோர்வால்ட்ஸ் கிற் என்னும் ஒரு கருவியை எழுதினார். மூலத்தில் ஒரு காற்புள்ளி மாறினும் மாற்றியவர் பெயரும் நாளும் காரணமும் அதிற் பதிவாகும். வேண்டாத திருத்தத்தை நீக்கி முன்னைய பாடத்துக்கு மீளவுங் கூடும். பாடபேதங்கள் அனைத்தும் வரிசைப்பட்டு நிற்கும் ஒரு சுவடிச்சாலை என அதனைக் கூறலாம். இதனை அறிந்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை என்பது மிகையன்று.

லினக்ஸ் ஒரே வடிவிற் கிடைப்பதில்லை. கருவையும் கருவிகளையும் தத்தம் விருப்பப்படி தொகுத்து வெவ்வேறு குழுவினர் வழங்குகின்றனர். 1993 இல் தோன்றிய டெபியன், அதனை அடியாகக் கொண்டு 2004 இல் வந்த உபுண்டு, உபுண்டுவை அடியாகக் கொண்டு 2006 இல் வந்த லினக்ஸ் மின்ற் என இவற்றின் குலமுறை கிளத்தலாம். யான் தெரிந்தது லினக்ஸ் மின்றின் 22 ஆம் பதிப்பு. அதனுள்ளும் பழைய கணினிக்கு ஏற்ற எக்ஸ்.எவ்.சி.ஈ. என்னும் எளிய முகப்புடையது. 2024 இல் வெளிவந்த அப்பதிப்புக்கு 2029 வரையில் திருத்தங்கள் வரும். 2 கிகாபைற் நினைவகமே அதற்குப் போதுமென்பர். எம்மிடம் இருந்ததோ அதன் இருமடங்கு.

ஏறத்தாழ 3 கிகாபைற் அளவுள்ள அக்கோப்பை, நள்ளிரவுக்குப் பின்னர்க் கிடைக்கும் மேலதிகத் தரவுப் பங்கைக் கொண்டு ஈரிரவில் இறக்கினேன். இறக்கிய கோப்பு வழியில் சிதைந்ததா, பிறர் கைபட்டதா என அறிதற்கு ஒரு முறையுண்டு. கோப்பு முழுவதையும் ஒரு கணிப்புக்கு உட்படுத்தினால் 64 குறிகள் கொண்ட சரிபார்ப்புத் தொகை ஒன்று வரும். வெளியிட்டோர் அறிவித்த தொகையோடு அது குறிக்குக் குறி ஒத்தல் வேண்டும். கோப்பில் ஓரெழுத்து வேறுபடினும் தொகை முற்றாக மாறிவிடும். முதலிரவு இறக்கிய கோப்பு இடையில் அறுந்தமையால் தொகை ஒவ்வவில்லை, இரண்டாவது ஒத்தது. பின்னர், றூபஸ் என்னுஞ் சிறு செய்நிரலால் அதனை 8 கிகாபைற் பென் டிரைவ் ஒன்றில் எழுதினேன்.

லினக்ஸை நிறுவாமலே நடத்திப் பார்க்கலாம் என்பதைப் பலர் அறியார். கணினியை இயக்கும் வேளையிற் குறித்த ஒரு விசையை, எமது கணினியில் எவ் 12 ஐ, அழுத்திப் பென் டிரைவிலிருந்து தொடங்குமாறு பணித்தால், முறைமை முழுவதும் அப்பென் டிரைவிலும் நினைவகத்திலும் நின்றே இயங்கும். வன்தட்டு தொடப்படுவதில்லை. பிடிக்காவிடின் பென் டிரைவைக் கழற்றிவிட்டுப் பழையபடி விண்டோஸுக்குத் திரும்பலாம். அஞ்சுவோர்க்கு இதனினுஞ் சிறந்த வாயில் இல்லை. இரண்டு நிமிடத்தளவில் திரை மலர்ந்தது. இணைய உலாவியும், லிப்ரே ஒவிஸ் என்னும் எழுத்தலுவற் கருவியும் கூடவே இருந்தன. ஒலி கேட்டது, படம் ஓடியது. வைபை மாத்திரம் வரவில்லை. யாம் செருகிப் பயன்படுத்தும் சிறு வைபைக் கருவிக்குரிய ஓட்டி அதில் இல்லை. இணையம் இருந்தால் ஓட்டியைப் பெறலாம். ஓட்டி இருந்தால்தான் இணையம் வரும். இச்சிக்கலில் ஒரு மாலைப்பொழுது கழிந்தது. கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன்வழி இணையம் பெறலாமென மறுநாள் மகன் சொன்னான். அவ்வாறே செய்ய, ஐந்து நிமிடத்திற் காரியம் முடிந்தது.

அன்றிரவு இன்னொரு விநோதம். சோதனை முடித்து விண்டோஸுக்குத் திரும்பினால், இரவு ஏழு மணிக்குக் கணினி பிற்பகல் ஒன்றரை என்றது. பழுதோ என ஐயுற்றேன். காரணம் பின்னர் விளங்கிற்று. கணினியுள் மின்கலத்தால் ஓடும் ஒரு கடிகாரம் உண்டு. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதில் உள்ளூர் நேரம் இருப்பதாகக் கொள்ளும். இந்நாட்டு நேரம் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முற்பட்டதாதலின் அவ்வளவு குறைந்து தோன்றிற்று. லினக்ஸில் ஒரு வரிக் கட்டளையிட்டு உள்ளூர் நேரத்தையே வைக்கச் செய்தல் இதற்குப் பரிகாரம். புவியியல் கற்பிப்போர்க்கு நல்ல உதாரணம்.

நிறுவுவதற்கு முன் எனக்கிருந்த அச்சமெல்லாம் ஒன்றைப் பற்றியதே. அவ்வன்தட்டில், யான் ஆசிரியனான காலந்தொட்டுத் தயாரித்த வினாத்தாள்களும் பாடக்குறிப்புக்களும் இருந்தன. எண்ணிப் பார்த்ததில் 214 கோப்புக்கள். அவற்றை வேறொரு வன்தட்டிற் பிரதி செய்து, அப்பிரதி திறக்கின்றதா என வேறு கணினியிற் பார்த்துத் தெளிந்த பின்னரே தொடங்கினேன். பிரதி எடுப்போர் பலர். எடுத்த பிரதியைத் திறந்து பார்ப்போர் சிலர். அம்முன்னெச்சரிக்கை வீண்போகவில்லை. நிறுவும்போது, விண்டோஸோடு அருகருகே அமைப்பதா, வன்தட்டு முழுவதையும் அழித்து அமைப்பதா என ஒரு வினா வரும். முன்னையதைத் தெரிந்ததாகவே நினைத்தேன். கை பின்னையதில் விழுந்திருக்கின்றது. அடுத்து, செய்யப்போவனவற்றைப் பட்டியலிட்டு உறுதிகேட்கும் சிறு சாளரம் தோன்றிற்று. வழமைபோல் வாசியாமலே சரியென அழுத்தப் போனேன். பக்கத்தில் நின்ற மகன், "அப்பா, முதலாம் பாகமே புதிதாக அமைக்கப்படும் என்று எழுதியிருக்கிறதே" என்றான். வினாத்தாளின் அறிவுறுத்தலை வாசியாமல் விடையெழுதும் மாணாக்கரை எத்தனை முறை கடிந்திருப்பேன்! பின்சென்று திருத்தினேன். அரைமணி நேரத்தில் நிறுவல் முடிந்தது.

இப்பொழுது கணினியை இயக்கும்போது விண்டோஸா லினக்ஸா என அது கேட்கின்றது. லினக்ஸ் தொடங்கியவுடன் நினைவகத்திற் கொள்ளுமிடம் 1 கிகாபைற்றுக்குங் குறைவு. முன்னர்த் தேநீர் ஆறும்வரை காத்திருந்த கணினி இப்பொழுது அவ்வாறு காக்கவைப்பதில்லை. மகனுக்கு உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்கு வேண்டிய பைதன் மொழி உடனேயே இருந்தது, பி.எச்.பி. முதலியனவும் விலையின்றி, களவின்றிக் கிடைத்தன. அச்சுப்பொறி வேலைசெய்தது. வருடி மாத்திரம் ஒருநாள் வேலைசெய்து மறுநாள் மறுக்கின்றது. இன்னும் காரணம் அறிந்திலேன்.

தமிழெழுதுதல் தனியே கூறத்தக்கது. உள்ளீட்டு முறைகளுக்கான சிறு பொதியொன்றை நிறுவியபின், தமிழ் 99 விசையமைப்போடு இந்நாட்டவர் பழகிய ரெங்கநாதன் விசையமைப்பும் பட்டியலில் வந்து நின்றது. எந்த நாட்டில் யாரோ எழுதிய முறைமையில், நமது தட்டெழுத்தாளர் விரல் பழகிய ஓர் அமைப்பைச் சேர்த்துவைத்தவர் யாரென அறியேன், அவர்க்கு நன்றி. ஆனால் யூனிகோட்டில் புதிதாக எழுதுவது ஒன்று, பழையனவற்றை வாசிப்பது மற்றொன்று. எனது 214 கோப்புக்களுள் மிகப்பல பாமினி எழுத்துருவில் அமைந்தவை. அவ்வெழுத்துருவில் தமிழ் என்னுஞ் சொல் உண்மையிற் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகவே. ஆங்கில ஜே இருக்குமிடத்தில் தகரத்தின் வடிவை வரைந்து கண்ணை ஏமாற்றுவதே அவ்வெழுத்துருவின் தொழில். எழுத்துரு இல்லாத கணினியில் ஏமாற்று வெளிப்பட்டுவிடும். லிப்ரே ஒவிஸில் முதற் கோப்பைத் திறந்தபோது, பதினைந்து ஆண்டுக்கு முன் யான் இயற்றிய தொல்காப்பிய வினாக்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றின. அந்தக் கணத்தில் அனைத்தும் போயிற்றெனவே எண்ணினேன். எழுத்துருக் கோப்பைப் பிரதிசெய்து வைத்ததும் அவை மீண்டன. எனினும் அம்மீட்சி தற்காலிகமானதே. தேடினால் கிடையாத, வேறெங்கும் ஒட்டினால் வாசிக்கவியலாத தமிழ் அது. மூலம் மறைக்கப்பட்ட செய்நிரலுக்கும், எழுத்துருவை நம்பி நிற்கும் இந்நூல்களுக்கும் உள்ள உறவை அப்பொழுதுதான் உணர்ந்தேன். ஆதலின் அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றத் தொடங்கினேன். மாற்றுங் கருவிகள் உள. ஆயினும் ஆங்கிலச் சொற்களும் எண்களும் இடையிட்ட வரிகளிற் கருவி தடுமாறும். ஒவ்வொரு தாளையும் மெய்ப்புப் பார்த்தல் வேண்டும்.

இவற்றைக் கேட்ட நண்பர் ஒருவர், விலையின்றிக் கிடைப்பதில் எவரேனும் நஞ்சு கலந்தால் யார் பொறுப்பு என வினவினார். நியாயமான வினா. 2024 இல் அவ்வாறே நிகழ்ந்தது. எக்ஸ்.இசற். என்னும் ஒரு சிறு சுருக்கக் கருவி லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றில் உண்டு. அதனைப் பேணி வந்தவர் ஊதியமின்றி உழைத்துக் களைத்திருந்த ஒருவர். ஜியா ரான் என்னும் பெயரில் ஒருவர் உதவிசெய்ய முன்வந்து, இரண்டாண்டுக்கு மேலாக நன்கு உழைத்து நம்பிக்கை பெற்று, பின்னர்ப் பிறர் கணினிகளுள் நுழைதற்குரிய கள்ளவாயில் ஒன்றை அதனுட் புகுத்தினார். அன்ட்ரெஸ் புரொயின்ட் என்னும் மென்பொருளாளர் வேறொரு சோதனை செய்துகொண்டிருந்தவர், தொலைக் கணினியில் நுழைதற்கு வழமையினும் அரை விநாடி கூடுதலாகச் செல்வதைக் கவனித்தார். ஏனென்று துருவிச் சென்று, மார்ச் 29 ஆந் திகதி உண்மையை வெளியிட்டார். பெரும்பாலான கணினிகளை அடையுமுன் அது தடுக்கப்பட்டது. மூலம் திறந்திருந்தமையாலேயே அவராற் காணமுடிந்தது என்பர் ஒருசாரார். திறந்திருந்தும் இத்தனை பேருள் ஒருவரே, அதுவும் தற்செயலாகக் கண்டார் என்பர் மறுசாரார். இரண்டும் உண்மையே. உலகம் முழுவதும் மொள்ளும் கேணியைத் தூர்வாருபவன் ஒருவனே, அவனுக்கும் கூலியில்லை என்பது இம்முறையின் பெருங்குறை. நண்பருக்கு யான் அளித்த விடை இவ்வளவே. அவர் நிறைவுற்றதாகத் தோன்றவில்லை.

நம் நாட்டவரும் மொள்ளுவதோடு அமைந்துவிட்டாரல்லர் என்பதையும் இங்கே பதிதல் தகும். 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை தாக்கிய சில நாட்களுள், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவுசெய்தற்கு இலங்கை மென்பொருளாளர் தொண்டர்களாகக் கூடிச் சஹானா என்னும் திறந்த மூல முறைமையை ஆக்கினர். அது பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. நமது பழைய மலர்களையும் சஞ்சிகைகளையும் தேடுவோர் நாடும் நூலகம் இணையத்தளம் நிற்பதும் மீடியாவிக்கி என்னும் திறந்த மூல மென்பொருளின் மீதே.

எனது வேலை இன்னும் முடிந்தபாடில்லை. 214 இல் 192 தாள்கள் யூனிகோட்டுக்கு மாறிவிட்டன. எஞ்சிய 22 உம் வரலாற்றுத் தாள்கள். அவற்றில் தேசப்படங்களை யான் பழைய எழுத்துக்கருவியின் கோடுகளாலும் வளைவுகளாலும் வரைந்திருந்தேன். லிப்ரே ஒவிஸில் திறந்தால் அனுராதபுரம் கடலினுட் சென்று நிற்கின்றது. அப்படங்களை மீள வரையும்வரை விண்டோஸ் இருக்கும் பாகத்தை அழித்தல் இயலாது. உரிமமில்லாத அப்பிரதியும் அதுவரை அங்கேயே இருக்கும். விடுமுறையில் நாளுக்கு இரண்டாக வரைந்து முடிக்க எண்ணியுள்ளேன்.